மாமா, நான், ஒரு வின்ச்!

ஜீப் சேத்துல மாட்டி நீங்க பார்த்திருக்கீங்களா பாஸ்? யூடியூப்ல இல்ல... நேர்ல. சக்கரம் சுத்தும், வண்டி நகராது. டிரைவர் இன்னும் கொஞ்சம் ஆக்ஸிலரேட்டரை மிதிப்பார், இன்னும் கொஞ்சம் இறங்கும். பின்னாடி நிக்கிறவன் சட்டை முழுக்க சேறு. எல்லாரும் ஆளுக்கொரு ஐடியா சொல்வாங்க. அதுல ஒண்ணுகூட உருப்படியா இருக்காது.

அந்த நேரத்துக்குன்னே ஒரு சாமான் இருக்கு. பேரு வின்ச். ஒரு மோட்டார், கியர், இரும்பு உருளை, அதுல சுத்தின கம்பிவடம், நுனியில கொக்கி. கொக்கியை எதிர்ல இருக்கிற மரத்துல பட்டை போட்டு மாட்டி, ரிமோட்ல பட்டனை அமுக்கினா வண்டி தன்னைத் தானே இழுத்துக்கிட்டு வெளிய வந்துரும். நம்ம தாத்தா காலத்துல கவலை ஏத்தம் இறைக்க மாடும் வடமும் இருந்துச்சில்ல? இங்க மாட்டுக்குப் பதில் பேட்டரி. அமெரிக்காவுல வார்ன் கம்பெனி 1959-லயே பொழுதுபோக்குக்கு ஜீப் ஓட்டுறவங்களுக்காக எலெக்ட்ரிக் வின்ச் கொண்டு வந்துட்டாங்க. நம்ம ஊர் பசங்க கையில வர பல வருஷம் ஆச்சு.

இப்ப மேட்டருக்கு வர்றேன். வின்ச் வாங்கினவுடனே ஒரு சண்டை வரும். வண்டியிலேயே நிரந்தரமா மாட்டுறதா, இல்ல தேவைப்படுறப்ப மாட்டி, வேண்டாதப்ப கழட்டி வைக்கிற மாதிரி வைக்கிறதா? தோசைக்கு சாம்பாரா சட்னியாங்கிற மாதிரி இதுலயும் ரெண்டு கட்சி. நான் கழட்டுற கட்சி. அதுவும் சாதாரண உறுப்பினர் இல்ல, கொள்கை பரப்புச் செயலாளர்!

என் மாமாவுக்குத் தாண்டிக்குடி பக்கம் காபித் தோட்டம். கொஞ்சம் மிளகு, கொஞ்சம் மலைவாழை. அவர்கிட்ட ஒரு பழைய மஹிந்திரா 540 ஜீப். தோட்டத்துல இருந்து தார் ரோடு வர்றதுக்கு 4 கிலோமீட்டர் மண் பாதை. மழை நாள்ல அது பாதை இல்ல, பாயசம். 2018-ல நான் மெக்கானிக்கல் மூணாவது வருஷம். கைமாத்து விலையில மாமா 8,000 பவுண்டு வின்ச் ஒண்ணு வாங்கினார். அதாவது சுமாரா 3,600 கிலோ இழுக்கும். வண்டி லோடோட இருக்கிற எடையைப் போல ஒன்றரை மடங்கு இழுக்கிற வின்ச் வேணும்ங்கிறது பொதுவான கணக்கு. அந்த ஜீப்புக்கு இது தாராளம்.

மாமா சொன்னது ஒரே வரி. "முன்னாடி பம்பர்ல வச்சு போல்ட் போட்டு இறுக்கிரு மாப்ள."

நான் விடுவேனா? வராண்டாவுல அத்தை காய வச்சிருந்த மிளகை ஓரமா தள்ளிட்டு நோட்டுல படம் போட்டேன். "மாமா, முன்னாடி மட்டும் மாட்டினா முன்னாடி மட்டும்தான் இழுக்கும். வண்டி பள்ளத்துல மூக்கைக் குத்திட்டு நின்னா நமக்கு வேண்டியது பின்னாடி இழுக்கிறது. அதனால சேஸ்ல முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு ரெண்டு இன்ச் சதுரக் குழாய் வெல்டு பண்ணுவோம். வின்ச்சை ஒரு தொட்டில்ல வச்சு, எந்தப் பக்கம் வேணுமோ அந்தப் பக்கம் சொருகி, பின் அடிச்சா போதும். மீதி நாள் கழட்டி குடோன்ல வச்சுக்கலாம். மூக்குல நாப்பது கிலோ தொங்காது, ஸ்பிரிங் உக்காராது, ரேடியேட்டருக்குக் காத்து மறையாது, மழையில நனையாது, எவனும் திருட மாட்டான்!"

சட்டத்தையும் இழுத்தேன். 2017 டிசம்பர்லதான் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், வண்டி முன்னாடி புல் பார் மாட்டுறது மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுக்கு விரோதம்னு சொல்லி, நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்குக் கடிதம் அனுப்பியிருந்தது. நிரந்தர வின்ச்சுக்கு கனமான பம்பர் வேணும், டவுனுக்குப் போனா போலீஸ் நிறுத்துவாங்கன்னு மிரட்டினேன். (இந்த பாயின்ட் மட்டும் இன்னிக்கும் செல்லும். வண்டியில எதை வெல்டு பண்றதுக்கு முன்னாடியும் ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.)

மாமா என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "இன்ஜினியர் சொன்னா சரிதான்"னுட்டார்.

அந்த வார்த்தைக்கு நான் எவ்ளோ உயரம் வளர்ந்தேன் தெரியுமா? திண்டுக்கல்ல ஒரு பட்டறையில வெல்டிங் முடிச்சோம். பேட்டரியில இருந்து பின் பக்கம் வரைக்கும் விரல் தண்டி ஒயர், ரெண்டு முனையிலயும் பிளக். பின்னுக்கு ஒரு பூட்டு. திண்டுக்கல்லுக்குப் போயிட்டு பூட்டு வாங்காம வர முடியுமா!

ஆகஸ்ட்ல ஒரு தடவை வாழைத்தார் லோடோட வண்டி மாட்டுச்சு. வின்ச்சைப் பின்னாடி சொருகினேன், இழுத்தேன், வந்துருச்சு. அன்னிக்கு ஹாஸ்டலுக்கு போன் போட்டு ரூம்மேட்கிட்ட அரை மணி நேரம் பீத்திக்கிட்டேன்.

ஆனா ஒரு விஷயத்தை நான் நோட்டுல எழுதல. வின்ச் நாப்பது கிலோ, தொட்டில் பதினஞ்சு கிலோ. ஒவ்வொரு தடவையும் ரெண்டு பேர் தூக்கணும். ஜீப்ல உள்ள வச்சா ஒரு மூட்டை காபிக்கு இடம் போச்சு. முதல் மாசம் தினமும் வண்டியில போச்சு. அடுத்த மாசம் மேகம் கறுத்தா மட்டும். அப்புறம்? குடோன்ல கோணிச் சாக்கு போர்த்தி, நிம்மதியா தூங்குச்சு. நீங்க ஜிம்முக்குக் கட்டின ஃபீஸ் மாதிரின்னு வச்சுக்குங்களேன்.

2018 நவம்பர் 16. கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, திண்டுக்கல் மாவட்டம் வழியா மலை மேலயும் ஏறிப் போச்சு. டெல்டாவுல தென்னை விழுந்ததை டி.வி.யில எல்லாரும் பார்த்தீங்க. எங்க மலையில சில்வர் ஓக் மரங்கள் விழுந்து கிடந்துச்சு, மிளகுக் கொடியோட சேர்த்து. கரன்ட் இல்ல, செல்போன் டவர் இல்ல. காலேஜ் லீவு போட்டுட்டு நான் மாமாவுக்கு உதவப் போயிருந்தேன்.

நாலஞ்சு நாள் கழிச்சு, சாஞ்ச மரத்தை அறுக்கிறப்ப ஒரு கிளை தெறிச்சு, எங்க தோட்டத்துல வேலை செய்ற அண்ணன் ஒருத்தர் தொடையில விழுந்துருச்சு. சின்ன வயசுல என்னைத் தோள்ல தூக்கிட்டுத் திரிஞ்சவர். கால் திரும்பியிருந்த விதத்தைப் பார்த்தவுடனே எலும்பு போச்சுன்னு எனக்கே தெரிஞ்சுது. ரெண்டு மூங்கிலை வச்சுக் கட்டி, ஜீப் பின்னாடி பலகை போட்டுப் படுக்க வச்சு, மாமா வண்டியை எடுத்தார். வத்தலக்குண்டு போயிடணும்.

மூணு கிலோமீட்டர் வந்திருப்போம். மழையில அரிச்சிருந்த ஓரம் சரிஞ்சு, இடது முன் சக்கரம் ஓடைக்குள்ள இறங்கிருச்சு. சேஸ் தரையில உக்காந்துருச்சு. பின்னாடி ஏழெட்டு அடியில நல்ல பலா மரம். பின்பக்கக் குழாய் சுத்தமா, அண்ணாந்து பார்த்துக்கிட்டு இருக்கு. வின்ச் மட்டும் இருந்தா பத்து நிமிஷ வேலை.

அது குடோன்ல இருக்கு.

நானும் ரெண்டு பேரும் மேல ஓடினோம். சேத்துல மூணு கிலோமீட்டர் ஏத்தம். ஒரு கம்புல கட்டி, சாமி பல்லக்கு மாதிரி தோள் மாத்தி மாத்தி அம்பத்தஞ்சு கிலோவைக் கீழ கொண்டு வந்தோம். வந்து பார்த்தா பின்பக்க பிளக் முழுக்க களிமண். குச்சியால நோண்டி, தண்ணி ஊத்தி, சட்டையில துடைச்சு... கூட இருந்தவங்க "கட்டில்ல தூக்கிட்டுப் போயிருவோம்யா"ன்னு அப்பவே சொன்னாங்க. நான்தான் "இன்னும் அரை மணி நேரம், வந்துரும்"னு சொன்னேன். மாமா என்னை நம்பினார். அரை மணி, இன்னொரு அரை மணி ஆச்சு. அந்த அண்ணன் முதல்ல கத்தினார், அப்புறம் முனகினார், அப்புறம் சத்தமே இல்ல. அந்தச் சத்தமில்லாததுதான் பயமா இருந்துச்சு.

கடைசியில பிளக் பிடிச்சு, பட்டனை அமுக்கி, வண்டி வெளிய வர எவ்ளோ நேரம் ஆச்சு தெரியுமா? நான் சொன்ன அதே பத்து நிமிஷம். மொத்தமா போனது ரெண்டரை மணி நேரம்.

அவருக்கு ஆபரேஷன் பண்ணி ராடு வச்சாங்க. பிழைச்சுட்டார், இன்னிக்கும் தோட்டத்துலதான் இருக்கார். லேசா சாய்ச்சு நடப்பார். சீக்கிரம் போயிருந்தா அந்தச் சாய்வு இருந்திருக்காதான்னு டாக்டர் சொல்லல. நான் கேக்கவும் இல்ல. கேட்டிருக்கணும்.

மாமா ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். அடுத்த வாரமே பட்டறைக்குப் போய், முன்பக்கம் ரெண்டு சேஸ் தண்டையும் சேர்த்துப் பிடிக்கிற மாதிரி கனமான தகடு வச்சு, வின்ச்சை நாலு போல்ட்ல இறுக்கிட்டு வந்துட்டார்.

அதுக்கப்புறம்தான் நான் ஒழுங்கா உக்காந்து படிச்சேன். கழட்டுற வின்ச் அந்தக் குழாய் வழியா ஒரே ஒரு பின்னுல நிக்குது, சேஸ்ல இருந்து ஒரு அடி வெளிய தள்ளி. நேரா இழுக்கிற வரைக்கும் ஓகே. பக்கவாட்டுல கோணலா இழுத்தா அந்த ஒரு அடியும் நெம்புகோல் ஆயிரும், குழாயும் வெல்டும் முறுக்கு வாங்கும். இதை நான் ரெண்டாவது செமஸ்டர்லயே பரீட்சையில எழுதி பாஸ் பண்ணியிருக்கேன்! சொந்த வண்டியில வந்தப்ப கண்ணு தெரியல. நிரந்தரத் தகடு அந்த விசையை ரெண்டு தண்டுக்கும் பிரிச்சுக் கொடுக்குது. இன்னொண்ணு, முழு இழுவையில வின்ச் 400 ஆம்பியர் பக்கம் கரன்ட் குடிக்கும். பின்பக்கம் வரைக்கும் நீளமா ஒயர் இழுத்தா வோல்டேஜ் வழியிலேயே கொஞ்சம் செத்துரும்.

அதே மாதிரி அந்த 8,000 பவுண்டு கணக்கும். அது உருளையில கடைசி ஒரு சுத்து அடுக்கு மட்டும் மிச்சம் இருக்கிறப்பதான். மேல மேல வடம் சுத்தச் சுத்த உருளையோட ஆரம் கூடும், இழுவை குறையும். அதனால தூரத்து மரமா பார்த்துக் கட்டுங்க, ஆனா கம்பிவடம்னா குறைஞ்சது அஞ்சு சுத்தாவது உருளையில இருக்கணும். வடத்தை ஒரு கப்பி வழியா திருப்பி வண்டியிலேயே மாட்டினா வேகம் பாதி, இழுவை கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. நம்ம கிணத்துக் கப்பியோட சொந்தக்காரன்தான். இழுக்கிறப்ப வடத்து மேல ஒரு ஈரச் சாக்கோ கனமான ஜாக்கெட்டோ போடுங்க. அறுந்தா சாட்டை மாதிரி வரும். அதைத் தாண்டி ஒருத்தனும் நடக்கக் கூடாது, மாப்பிள்ளை முறுக்கா இருந்தாலும் சரி.

அப்ப நிரந்தர வின்ச் கட்சி ஜெயிச்சிருச்சான்னு கேக்குறீங்களா? அவசரப்படாதீங்க. அடுத்த வருஷம் மாமா வண்டி பின் சக்கரம் பள்ளத்துல இறங்குச்சு, முன்னாடி இருக்கிற வின்ச் ஜம்முனு இழுத்துருக்கணும். பட்டனை அமுக்கினா 'டிக்'. அவ்ளோதான். மாசக்கணக்கா மழையிலயும் பனியிலயும் கிடந்து சோலனாய்டு துருப்பிடிச்சுப் போச்சு. கழட்டுறது கூட வராது, மாட்டுறது கூடவே இருந்து செத்துரும்.

என் கணக்கு இப்ப இதுதான். லீவு நாள்ல நாலு வண்டி சேர்ந்து போறீங்க, மாட்டினா இன்னொருத்தன் இழுப்பான்னா, கழட்டுறதே போதும். மீதி நாள் ஆபீஸுக்கு அதே வண்டியில போறவனுக்கு மூக்குல நாப்பது கிலோ எதுக்கு? பின்பக்கமும் இழுக்குறது உண்மையிலேயே பெரிய வசதி. அதை நான் இன்னும் விட்டுக் கொடுக்கல. ஆனா தனியா போற வண்டி, அதுல உங்களை நம்பி இன்னொருத்தர் படுத்திருக்கலாம்னா... போல்ட் போட்டு இறுக்கிருங்க. மாசம் ஒரு தடவை வடத்தை முழுசா வெளிய இழுத்து, திரும்பச் சுத்துங்க. ஒரு கால் மணி நேரம். அந்த வேலை எங்க தோட்டத்துல என் தலையில விழுந்துருச்சு. ஊருக்குப் போற மாசமெல்லாம் ஞாயித்துக்கிழமை காலையில காபிக்கு முன்னாடி அதான்.

அதைப் பார்க்க அந்த அண்ணன் வந்து திண்ணையில உக்காருவார். "தம்பி, கொஞ்சம் எண்ணெய் விடு, சத்தம் வருது"ன்னு சொல்வார். காலைப் பத்தி அவரும் பேசினதில்ல, நானும் பேசினதில்ல.

போன மாசம் மாமா போன். குரல்ல ஒரு அவசரம்.

"மாப்ள, காட்டுல நிக்கிறேன். வண்டி இறங்கிருச்சு. அந்த ரிமோட்டை எங்கடா வச்ச?"

வின்ச்சைப் போல்ட் போட்டு இறுக்கியாச்சு. ரிமோட் கழட்டுற ரிமோட். அது அத்தையோட அடுப்படியில, ஆணியில தொங்கிட்டு இருந்துச்சு.