சட்டையில் ஓர் ஊர்ப் பெயர்



விளையாட்டுப் போட்டிக்காக வாங்கிய இல்லச் சட்டைகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தோம். ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி கழுத்துப்புறத்துச் சிறு பட்டையைப் படித்துவிட்டு, “டீச்சர், பங்களாதேசில் இதைத் தைத்தவங்களுக்கு எவ்வளவு சம்பளம்?” என்று கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை. ஆனால், அந்நாட்டின் பெயர் வேறொன்றை நினைவூட்டியது.

2013 ஏப்ரல் 24ஆம் நாள் டாக்காவிற்கு அருகே, சவாரில், ராணா பிளாசா என்னும் எட்டு மாடிக் கட்டடம் இடிந்து விழுந்தது. 1,100க்கும் மேற்பட்டோர் மாண்டனர். முதல் நாளே விரிசல் கண்டு அனைவரும் வெளியேறியிருந்தனர். கீழே இருந்த வங்கியும் கடைகளும் மறுநாள் திறக்கவில்லை. தையல் தொழிலாளர்கள் மட்டும் உள்ளே அனுப்பப்பட்டனர். சம்பளம் போய்விடுமே என்ற அச்சம் அவர்களுக்கு.

அங்கே ஆடை வாங்கிய நிறுவனங்கள் பலவற்றிடம் அழகான நன்னடத்தை விதிகள் இருந்தன, தணிக்கையும் நடந்திருந்தது. என் வகுப்பறைச் சுவரில் ஒட்டியுள்ள விதிமுறைகளைப் போலத்தான்! மீறினால் யார் கேட்பது என்பது அதில் எழுதப்படவில்லை.

அடுத்த மாதமே தொழிற்சங்கங்களும் நிறுவனங்களும் செய்துகொண்ட உடன்படிக்கை இக்குறையைத் தீர்க்க முயன்றது. பின்னர் 200க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அதில் இணைந்தன. பாதுகாப்பற்ற கட்டடத்தினுள் நுழைய மறுக்கும் உரிமை, சம்பள இழப்பின்றி, தொழிலாளர்க்குக் கிடைத்தது. பழுதுபார்க்கும் செலவுக்கு வழிசெய்யும் பொறுப்பு வாங்குவோர் மீதும் விழுந்தது. என்னைக் கவர்ந்தது இதுவே. விலையை அடிமட்டத்துக்குக் குறைத்துவிட்டு, தவறெல்லாம் தொழிற்சாலைக்காரருடையது என்று கைகழுவ இயலாது.

வாக்கை மீறினால் நடுவர் மன்றம் உண்டு. 2016இல் சங்கங்கள் இரண்டு நிறுவனங்கள் மீது வழக்குத் தொடுத்தன; தி ஹேக் நகரின் நிரந்தர நடுவர் மன்றம் வழி அவை நடந்தன. அவற்றுள் ஒரு நிறுவனம் 2018 சனவரியில் 23 இலட்சம் அமெரிக்க டாலர் தர இணங்கியது. 150க்கும் மேற்பட்ட தொழிற்சாலைகளைச் செப்பனிடுவதே அதன் முதன்மை நோக்கம். அந்நிறுவனத்தின் பெயரை மட்டும் வெளியிடவில்லை. ஒரு மாணவன் தவறு செய்தால் சபைகூடலில் பெயர் சொல்லி அழைக்கிறோம். பெரிய நிறுவனத்திற்கு அந்த வெட்கமும் இல்லை போலும்.

அம்மாணவியின் கேள்வியைச் சட்டை தந்த கடைக்காரரிடமே கேட்டுப் பார்க்க எண்ணியுள்ளேன். கொஞ்சம் தயக்கமாகத்தான் இருக்கிறது. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் சார்பில் அவரிடம் பேரம் பேசி, சட்டைக்கு இரண்டு வெள்ளி குறைத்தவளும் நானேதான்.