சோடியம், பொட்டாசியம், ஒரு லிட்டர் தண்ணி

ரெண்டு மாசமா மொரப்பூர்ல எங்க வீட்டுக்குள்ள யார் நுழைஞ்சாலும் மொதல்ல காதுல விழறது, "சோடியம் 135 டு 145, பொட்டாசியம் 3.5 டு 5" தான். தங்கச்சி பி.எஸ்சி. நர்சிங் முடிச்சிட்டு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில நைட் டூட்டி பாக்குறா. பகல்ல எம்.ஆர்.பி. பரீட்சைக்குப் படிக்கிறா. அதாங்க, அரசு ஆஸ்பத்திரிகளுக்கு நர்சுங்களை எடுக்குற மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம். போன தடவை கொஞ்ச மார்க்குல போச்சு. இந்தத் தடவையும் போச்சுன்னா படிப்பை மூட்டை கட்டிட்டு மாப்பிள்ளை பாக்குறதுன்னு வீட்ல முடிவு பண்ணிட்டாங்க.

நமக்கு எஞ்சினியரிங் படிச்சுட்டு பொட்டி தட்டுற பொழப்பு. வீட்லேர்ந்து ஆணி புடுங்குற நாள்ல புக்கை வச்சுக்கிட்டு அவளைக் கேள்வி கேக்குற வேலையும் நம்ம தலையில. அப்படித்தான் இந்த திரவம், உப்பு, அமில-கார சமநிலைங்கிற பாடத்துக்குள்ள நானும் விழுந்தேன். நர்சிங் படிச்ச எந்தப் பொண்ணைக் கேட்டாலும் "அய்யோ அந்த சேப்டரா"ம்பாங்க. எனக்கு என்னமோ புடிச்சுப் போச்சு.

விஷயம் இதுதான். 70 கிலோ ஆம்பளை உடம்புல சுமாரா 42 லிட்டர் தண்ணி. அதுல மூணுல ரெண்டு பங்கு செல்லுக்குள்ள, மிச்சம் வெளிய. உள்ள பொட்டாசியம் ராஜ்யம், வெளிய சோடியம் ராஜ்யம். எல்லையில காவலுக்கு ஒரு பம்ப் ராப்பகலா ஓடிக்கிட்டே இருக்கு. ரத்தத்தோட பி.ஹெச். 7.35லேர்ந்து 7.45க்குள்ள நிக்கணும். 7.4 வந்து 7.1 ஆச்சுன்னா "என்னடா, 0.3 தானே"ன்னு தோணும். ஆனா அது லாக் கணக்கு. அமிலம் ரெண்டு மடங்கு ஏறிடுச்சுன்னு அர்த்தம். இதை சரி பண்ண ரெண்டு பேர். நுரையீரல் கார்பன் டை ஆக்சைடை ஊதித் தள்ளி நிமிஷக் கணக்குல பாக்கும். கிட்னி பைகார்பனேட்டைப் புடிச்சு வச்சு, சாவகாசமா ரெண்டு மூணு நாள் எடுத்துக்கும்.

பரீட்சைக்கு குறுக்கு வழி இருக்கு. பி.ஹெச்.சும் கார்பன் டை ஆக்சைடும் எதிரெதிரா போனா கோளாறு மூச்சுல. பி.ஹெச்.சும் பைகார்பனேட்டும் ஒரே பக்கம் போனா வளர்சிதை மாற்றத்துல. ரெண்டே ரெண்டு இஃப் கண்டிஷன். "இவ்ளோ தானா பாப்பா, அஞ்சு நிமிஷத்துல கோடு எழுதிடலாமே"ன்னேன்.

"எழுதுண்ணா. ஆனா உன் புரோகிராமுக்கு அந்த நம்பரை யார் கொண்டாந்து குடுப்பா?"ன்னு கேட்டா.

அப்பறம் போன வாரம் நடந்ததைச் சொன்னா. வயித்தால போயி துவண்டு போன ஒரு தாத்தா. பேதியில பொட்டாசியம் நெறைய போயிடும், கால் கை தொய்ஞ்சு போகும், ரொம்பக் குறைஞ்சா இதயத் துடிப்பே தாளம் தப்பும். அதனால ட்ரிப்ஸ்ல பொட்டாசியம் சேக்கச் சொல்லி எழுதியிருந்தது. அதை எப்பவுமே பாட்டில்ல கலந்து மெதுவாத்தான் ஏத்தணும், ஊசியில நேரா ஏத்தினா இதயம் நின்னுடும். இது புக்கில கட்டம் கட்டிப் போட்டிருக்கு. ஆனா அதுக்கும் முன்னாடி ஒரு கேள்வி இருக்காம். "தாத்தா, ஒன்னுக்குப் போனீங்களா?"

தாத்தா மத்தியானத்துலேர்ந்து போகலை. பொட்டாசியத்தை வெளியேத்துற வேலை கிட்னியோடது. அது ஓடுதான்னு தெரியாம மேல மேல ஏத்தினா ஆபத்து. டூட்டி டாக்டருக்கு போன் போட்டிருக்கா. அவர் பொட்டாசியத்தை நிறுத்தி வச்சுட்டு மொதல்ல வெறும் சலைன் போகட்டும்னாராம். ஒரு லிட்டர், எட்டு மணி நேரம், மில்லிக்கு 20 சொட்டு விழற செட், நிமிஷத்துக்கு 42 சொட்டு. விடியக்காலையில யூரின் வந்துது. அதுக்கப்பறம் தான் பொட்டாசியம். அவ இதைச் சொல்லிட்டு சாதாரணமா தோசையைப் பிச்சுத் தின்னுக்கிட்டிருந்தா. எனக்குத் தான் கொஞ்ச நேரம் பேச்சு வரலை.

இந்தப் பாடத்தைப் பத்தித் தேடும்போது கிடைச்ச இன்னொரு கதை. 1971, வங்கதேசப் போர். எல்லை தாண்டி மேற்கு வங்காளத்துக்கு அகதிங்க லட்சக்கணக்குல வந்தாங்க. பன்கான் முகாம்ல காலரா. காலரான்னா மணிக்கு ஒரு லிட்டர் கூட வெளிய போகும். ட்ரிப்ஸ் பாட்டில் தீர்ந்து போச்சு. ஏத்தி விடறதுக்கு ஆளும் இல்லை. திலீப் மஹலனாபிஸ்னு ஒரு டாக்டர் லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா உப்புன்னு பொட்டலம் கட்டி, தண்ணியில கரைச்சு, டிரம்ல ஊத்தி வச்சுட்டார். அம்மாவோ அண்ணனோ கூட வந்த யாரோ மோந்து மோந்து குடுத்தாங்க. 30 சதவீதத்துக்குப் பக்கமா இருந்த சாவு 3.6 சதவீதமா இறங்குச்சு.

அதுக்குக் காரணம் சின்னது. குடல் சுவர்ல சோடியமும் குளுக்கோஸும் ஜோடியாத் தான் உள்ள நுழையுற ஒரு வாசல் இருக்கு. காலரா விஷம் அந்த வாசலை மட்டும் மூடறதில்லை. சோடியம் போனா பின்னாடியே தண்ணியும் போகும். அவ்ளோ தான். மஹலனாபிஸ் 2022ல இறந்தார், 2023ல பத்ம விபூஷண் குடுத்தாங்க.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். ஃப்ளோரைடு தண்ணியால பல்லு பழுப்பான தர்மபுரிக்காரங்களுக்கு, தண்ணியில என்ன எவ்வளவு கரைஞ்சிருக்குங்கிறது வாழ்க்கைப் பிரச்சனைன்னு சொல்லித் தர வேணாம். ஆனா ஓ.ஆர்.எஸ். விஷயத்துல மட்டும் கண் அளவு தான். இப்ப வர்ற உலக சுகாதார நிறுவனக் கணக்குப் பொட்டலம் 20.5 கிராம், ஒரு லிட்டருக்கானது. எங்க தெருவுல அதை ஒரு சொம்புத் தண்ணியில கொட்டி "நல்லா கெட்டியா குடு, தெம்பு வரட்டும்"பாங்க. உப்பு கூடிப் போனா குழந்தைக்கு ரத்தத்துல சோடியம் ஏறும், மூளை வரைக்கும் பாதிக்கும். சர்க்கரை அதிகமானா குடலே தண்ணியை உள்ளேர்ந்து இழுத்து பேதி கூடும். ஓ.ஆர்.எஸ்.னு பேர் போட்டு டப்பாவுல வித்த சர்க்கரைத் தண்ணிங்க கதையும் இது தான். ஹைதராபாத் குழந்தை டாக்டர் சிவரஞ்சனி சந்தோஷ் பல வருஷம் போராடி, 2025 அக்டோபர்ல தான் அந்தக் கணக்குக்கு வராத பானங்க அந்தப் பேரைப் போடக் கூடாதுன்னு உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லுச்சு.

தங்கச்சி இப்பல்லாம் தெருவுல யாராவது பொட்டலத்தோட போனா நிறுத்தி, "அக்கா, ஒரு லிட்டர் வாட்டர் பாட்டில்ல அளந்து கலக்குங்க, மிச்சத்தை மறுநாளைக்கு வைக்காதீங்க"ன்னு சொல்லுது. அம்மா, "படிக்கிற நேரத்துல உனக்கெதுக்குடி ஊர் வம்பு"ங்கிறாங்க. என்னைக் கேட்டா அவ படிக்கிறதே அது தான். நம்பர் எல்லாரும் மனப்பாடம் பண்ணலாம். அந்த நம்பர் ஒரு ஆளுக்குள்ள என்ன பண்ணும்னு தெரிஞ்சு, சரியான நேரத்துல சரியான கேள்வி கேக்குறவ தான் நர்ஸ். பரீட்சையில அதுக்கு எத்தனை மார்க்குன்னு எனக்குத் தெரியாது. அடுத்த தடவை நமக்கு ட்ரிப்ஸ் ஏறும்போது பக்கத்துல நிக்கிறவங்க அந்தக் கேள்வியைக் கேக்கணும், அவ்ளோ தான் நம்ம ஆசை.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லைங்க. வயித்தால போகுதுன்னா ஓ.ஆர்.எஸ். குடுத்துக்கிட்டே ஆஸ்பத்திரிக்குப் போங்க. பதிவைப் படிச்சுக்கிட்டு உக்காந்துடாதீங்க :-)