பேர் கேட்காத படம்

2004-ல் நான் மதுரையில் கல்லூரி மாணவன். சித்தப்பா இரண்டு கல்யாணங்களில் உபயோகித்துவிட்டு பீரோவில் பூட்டி வைத்திருந்த எஸ்.எல்.ஆர். கேமராவை, ‘பத்திரமா பாத்துக்கறேன்’ என்று சத்தியம் செய்து வாங்கியிருந்தேன். ஃபிலிம் கேமரா. ஒரு ரோலுக்கு 36 படம். சாமர்த்தியமாக மாட்டினால் 37. டிஜிட்டல் வந்துவிட்டதுதான், ஆனால் அது வசதியான பையன்கள் கையில் இருந்தது. எனக்கு ஒவ்வொரு ‘க்ளிக்’கும் ஒரு டீ, ஒரு வடை.

அதனால் எதை எடுப்பது என்று நிறைய யோசிப்பேன். யோசித்து யோசித்து, எல்லா மாணவர்களும் போய்ச் சேருகிற இடத்துக்கே நானும் போய்ச் சேர்ந்தேன். பாட்டிகளின் முகச் சுருக்கம்!

சிம்மக்கல் பக்கம் ஒரு சந்தில், காலை ஆறு மணிக்கு இட்லி விற்கும் பாட்டி. கொப்பரை மூடியைத் திறந்ததும் எழும் ஆவிக்காகவே நாலு நாள் காத்திருந்தேன். அப்பர்ச்சர் 1.8, ஷட்டர் 1/30, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆறு படம். ஆறாவது அபாரம். ஆவிக்கு நடுவே முகம், கண் மட்டும் பளிச். லேபில் கறுப்பு வெள்ளையாகப் போட்டுத் தரச் சொன்னேன். கலர் பேப்பரில் போட்டதால் லேசாகப் பழுப்படித்தது. அதுவும் கலையாகவே தெரிந்தது.

அட்டையில் ஒட்டி, கீழே என் முத்தான கையெழுத்தில் எழுதினேன்: ‘வறுமை வரைந்த கோடுகள்’. கல்லூரிக் கண்காட்சியில் இரண்டாம் பரிசு.

“படம் வந்தா எனக்கும் ஒண்ணு குடு தம்பி” என்று பாட்டி கேட்டிருந்தார். கண்காட்சி முடிந்ததும் அட்டையோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். பக்கத்தில் பள்ளிச் சீருடையில் பேத்தி. உரக்கப் படித்தாள்.

பாட்டி கரண்டியைக் கீழே வைத்தார். “வறுமையா? யாருக்கு, எனக்கா?”

விழித்தேன்.

“முப்பது வருஷமா இதே அடுப்பு. மூணு பொண்ணைக் கட்டிக்குடுத்துட்டேன். ஒருத்தர்கிட்ட கடன் சொன்னதில்ல. ஒங்கிட்ட ஏதாச்சும் கேட்டனா? நீயா எப்படிப்பா எழுதுன?”

கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அதுதான் சுட்டது. நாலு நாள் லென்ஸைத் திருகினேனே தவிர, அவர் பேர்கூடக் கேட்டதில்லை.

பிற்பாடுதான் டோரத்தியா லாங்கே பற்றிப் படித்தேன். 1936-ல் கலிஃபோர்னியாவின் நிப்போமோவில், பட்டாணி பறிக்கும் கூலிகளின் முகாமில், குழந்தைகளோடு உட்கார்ந்திருந்த ஒரு தாயை அவர் எடுத்த ‘மைக்ரன்ட் மதர்’ உலகப் புகழ் பெற்றது. அந்தப் படங்கள் பத்திரிகையில் வந்ததும் முகாமுக்கு உணவு போய்ச் சேர்ந்தது. அதற்குள் அந்தக் குடும்பம் வேறு ஊருக்குக் கிளம்பிவிட்டது. பேரைக் கேட்கவில்லை என்று லாங்கேயே பின்னாளில் எழுதினார். கார் டயரை விற்றுச் சாப்பாடு வாங்கினார்கள் என்றும் எழுதினார். அப்படி எதுவும் விற்கவில்லை என்று மகன் மறுத்தார். அந்தத் தாய் ஃபிளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்ஸன் என்று உலகம் தெரிந்துகொண்டது 1978-ல்தான். படத்தால் தனக்கு ஒரு காசு வரவில்லை, எடுக்காமலே இருந்திருக்கலாம் என்று அவர் வருத்தப்பட்டார்.

அங்கே பேர் தெரிய 42 வருஷம். எனக்கு அந்தக் கஷ்டம் இல்லை. எதிரிலேயே பேத்தி இருந்தாள்.

அவளிடமே பேனா வாங்கி, நான் எழுதியதை அடித்தேன். பாட்டியின் பேரைக் கேட்டு, ‘முப்பது வருஷமாக இட்லி’ என்று சேர்த்து எழுதினேன். (பேரை இங்கே போடவில்லை. அதற்கு அவரிடம் அனுமதி வாங்கவில்லையே!) பாட்டி படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். “இப்ப சரி. ஒக்காரு, சாப்பிடு.”

நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு பாக்கெட்டைத் தடவினேன். இருந்ததெல்லாம் பிரின்ட் போட்டதிலேயே போயிருந்தது.

“நாளைக்குக் குடு தம்பி” என்றார் பாட்டி.

அந்தச் சந்தில் அன்றைக்குக் கடன் சொன்னவன் நான் ஒருத்தன்தான்.