ஒரே அளவு

மடையில் அளந்து விட்ட நீர் எல்லா வயலிலும் ஒரே உயரத்தில் நிற்பதில்லை. மணற்பூமி உறிஞ்சிவிடும், களிமண் தேக்கி வைக்கும். தோப்பூரில் இதை அறியாத விவசாயி இல்லை. ஆயினும் அவருள் ஒருவர் தம் உடலை அவ்வாறு எண்ணினாரல்லர்.

கபச்சுரப்பியிலிருந்த கட்டியை அகற்றிய சத்திரசிகிச்சையின் பின் அவருக்கு டெஸ்டோஸ்டிரோன் சுரப்பு நின்றுபோயிற்று. மூன்று வாரத்துக்கொருமுறை 250 மில்லிகிராம் ஊசி. அதே அளவைப் பெற்ற உறவினர் நலமாயிருந்தார். இவருக்கோ முதல் வாரம் உற்சாகம். மூன்றாம் வாரம் சோர்வும் சினமும். மனைவியிடம் காரணமின்றிச் சீறுவார், பின்னர் நாணுவார். குறை தம் ஆண்மையிலேதான் என்று கருதி மருத்துவரிடம் வாய் திறந்தாரில்லை. ஆண்மை என்னும் சொல்லே இங்கு பாதி நோய்!

1935 இல் புட்டெனாந்தும் ருசிக்காவும் இவ்வோமோனைச் செயற்கையாக ஆக்கினர். பொருள் கிடைத்தது, அளவை இன்றும் ஒவ்வோர் உடலிலும் தேடவேண்டியிருக்கிறது. எண்ணெயிற் கரைந்த மருந்து தசையிலிருந்து குருதியிற் சேரும் வேகம் ஆளுக்காள் வேறு. சேர்ந்ததிலும் பெரும்பகுதி புரதங்களோடு பிணைந்துவிட, தனித்து உலவுவது நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கே. அதனை ஏற்கும் வாங்கிகளின் கூர்மையோ பரம்பரை அலகைப் பொறுத்தது.

ஊசி போட்ட சில நாளில் எடுத்த சோதனை நிறைவாகவே காட்டிவந்தது. ஒருநாள் உடன் சென்ற மனைவிதான் சொன்னார்: "டொக்டர், மூணாம் கிழமை இவர் வேற ஆள்."

அடுத்த ஊசிக்கு முந்திய நாள் குருதி எடுத்தனர். அளவு மிகத் தாழ்ந்திருந்தது. மொத்த மருந்தைக் கூட்டாமல், குறைந்த அளவை அடுத்தடுத்துக் கொடுத்தனர். நலமாயிருந்த உறவினருக்கோ குருதி தடித்து, செங்குழியங்களின் பங்கு 54 வீதத்தைத் தாண்டவே, ஊசியை நிறுத்திவைக்க நேர்ந்தது.