நடுவரும் நிய்யத்தும்

அமெரிக்காவில் மகள் வீட்டில் சில மாதங்கள் தங்கியிருந்த நாம், பேத்தி சாஃப்ட்பால் ஆடுவதைக் காண ஒரு மாலை மைதானத்திற்குச் சென்றோம். இரண்டாம் பேஸிலிருந்து மூன்றாம் பேஸை நோக்கி அவள் ஓடினாள். இடையே 60 அடி தூரம். மட்டையில் பட்ட பந்து தரையில் உருண்டு வர, அதை எடுக்கக் குனிந்த எதிரணிச் சிறுமியின் மீது மோதிவிட்டாள். நடுவர் கைகளை உயர்த்தி ஆட்டத்தை நிறுத்தினார். பேத்தி அவுட் என்று தீர்ப்பளித்தார்.

“நன்னா, நான் வேண்டுமென்று இடிக்கவில்லையே!” என்று அழுதாள். நமக்கும் நெஞ்சு பொறுக்கவில்லை. செயலை நிய்யத்தைக் கொண்டு நிறுக்கப் பழகியவர்களல்லவா நாம்? புகாரி ஷரீபின் முதல் ஹதீஸே நிய்யத்தைப் பற்றியதாயிற்றே!

அன்றிரவு விதிகளைப் படித்தோம். அடிக்கப்பட்ட பந்தை எடுக்க முனைபவருக்கு வழிவிடுவது ஓடுபவரின் கடமை. தவறினால் அவுட், எண்ணம் என்ன என்ற கேள்விக்கு அங்கு இடமில்லை. பந்தும் இல்லாமல், பந்தை எடுக்கும் முயற்சியும் இல்லாமல் ஒருவர் வழிமறித்தாலோ, குற்றம் அவருடையது.

எறியப்பட்ட பந்தின் நிலை வேறு. அது ஓடுபவர்மீது தற்செயலாகப் பட்டால் குற்றமில்லை. முனைந்து தடுத்தாரா என்று நடுவர் பார்க்க வேண்டும். இதன் அருமையை உடன்பிறந்த ஆட்டமான பேஸ்பால் காட்டியது. 1978 உலகத் தொடரின் நான்காம் ஆட்டத்தில், எறியப்பட்ட பந்து ரெஜி ஜாக்சனின் இடுப்பில் பட்டுத் தெறித்தது. வேண்டுமென்றே இடுப்பை அசைத்தார் என்று டாட்ஜர்ஸ் அணியினர் வாதாடினர், நடுவர்கள் ஏற்கவில்லை. யாங்கீஸ் 4-3 என வென்றது. அந்த வழக்கு இன்றும் ஓயவில்லை.

உள்ளங்களை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே. நடுவர் காண்பது உடலின் அசைவை மட்டுமே. தவறுதலாக நேர்ந்த கொலைக்கும் திருமறை நஷ்டஈடு வகுத்திருப்பது அப்போது நினைவுக்கு வந்தது. பாவம் வேறு, பொறுப்பு வேறு.

மறுநாள் பேத்தியிடம், “நடுவர் உன்னைக் கெட்டவள் என்று சொல்லவில்லையம்மா, வழிவிடவில்லை என்றுதான் சொன்னார்” என்றோம். சற்று யோசித்தவள், “அந்தப் பிள்ளைக்கு அடிபட்டதா நன்னா?” என்று கேட்டாள்.

நாம் வாயடைத்துப் போனோம். நம் பிள்ளையின் நிய்யத்திற்காக இரவெல்லாம் வாதாடிய நமக்கு, இடிபட்ட பிள்ளையை விசாரிக்கத் தோன்றவேயில்லை. குடும்பத்திலும் ஊரிலும் நாம் எத்தனை முறை இப்படி நடந்துகொண்டிருக்கிறோம்!