ஏரி உறையும் முன்பே...

அமெரிக்காவின் மினியாபொலிஸ் அருகிலுள்ள மின்னடோங்கா ஏரியில் அக்டோபர் வந்தாலே படகுகள் கரையேறத் தொடங்கிவிடும். ஜனவரியில் பனிக்கட்டி மீது கார்களே ஓடும் ஊராயிற்றே!

படகின் வயிற்றுக்குள் இருக்கும் இன்ஜின்கள் பலவும் ஏரித் தண்ணீரை உறிஞ்சித்தான் சூடு தணிகின்றன. அது உள்ளேயே தேங்கி உறைந்தால், சுமார் 9 சதவிகிதம் விரிந்து வார்ப்பிரும்பையே பிளந்துவிடும். விஷயம் தெரிவதோ ஏப்ரலுக்குப் பிறகு, படகை இறக்கும்போது!

அதனால் வடிகால் திருகுகளைக் கழற்றி, துரு அடைத்த துளைகளைக் கம்பியால் குத்தித் தண்ணீரை வடிக்கிறார்கள். திருகை மாட்டியபின், ஓடும் இன்ஜினுக்கு வாளியிலிருந்து ஆன்டிஃப்ரீஸ் புகட்டுகிறார்கள். புகைக்குழாயில் ரோஸ் சர்பத் போலக் கொட்டும்வரை இன்ஜினை நிறுத்துவதில்லை.

காருக்கு ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் இங்கே கூடாது. இனிக்கும் விஷம் அது. நாய் நக்கினால் உயிர் போய்விடும்.