குதிரைக்கும் ஒரு பொங்கல்... வாசலில் அந்தோணியார்!

கள்ளக்குறிச்சி என்றதும் பலர் கேட்பது கல்வராயன் மலை அருவிகளைத்தான். மேகம் அருவி, பெரியார் அருவி, கோமுகி அணை என்று சுற்றினால் ஒரு நாள் போவதே தெரியாது. இந்த வாரம் நாம் வேறு ஒரு வழியில் போகலாம். குதிரையின் குளம்படியைப் பிடித்துக்கொண்டு போகும் வழி அது. திருக்கோவிலூரில் தொடங்கி, சின்னசேலம் பக்கம் ஒரு தேவாலயத்தில் கொஞ்சம் நின்று, திண்டுக்கல் சிறுமலை வரை போகும்.

குதிரை கொடுத்த வள்ளல்

தென்பெண்ணைக் கரையில் இருக்கும் திருக்கோவிலூர், சங்க காலத்தில் கோவலூர். அங்கே ஆண்டவர் மலையமான் திருமுடிக்காரி. கடையெழு வள்ளல்களில் ஒருவர். முல்லைக்குத் தேர் கொடுத்தவர் பாரி என்றால், கேட்டவர்களுக்குக் குதிரை கொடுத்தவர் காரி. அவர் ஏறிப் போன குதிரைக்கும் காரி என்றே பெயர் என்கிறது சிறுபாணாற்றுப்படை. கொல்லிமலையை ஆண்ட ஓரியுடன் அவர் போரிட்டபோது எதிரில் வந்த குதிரையின் பெயர் ஓரி! ஆளுக்கும் குதிரைக்கும் ஒரே பெயர் வைக்கும் அளவுக்கு நெருக்கம். மலையமான்கள் வெளியிட்ட நாணயங்களிலும் குதிரை நிற்கிறது.

அந்தக் காலத்தில் குதிரையைத் தானம் கொடுப்பது சின்ன விஷயம் இல்லை. நம் ஊர் வெப்பத்திலும் ஈரத்திலும் உயர்ரகக் குதிரை சுலபத்தில் பெருகாது. 13-ம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, இதைக் கண்டு வியந்து எழுதியிருக்கிறார். அரபு நாடுகளிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்து இறங்கினவாம். ஆனால், பக்குவம் தெரியாமல் சோற்றையும் இறைச்சியையும் சமைத்துக் கொடுத்ததில் பல செத்துப்போயினவாம். நல்ல ஆண் குதிரையையும் நல்ல பெண் குதிரையையும் சேர்த்தாலும், கால் கோணிய குட்டிதான் பிறந்தது என்கிறார் அவர்.

நம் ஊரிலேயே குதிரை வளர்க்கும் முயற்சி பின்னாளில் நடந்தது. ஓசூரை அடுத்த மத்திகிரியில் 1824-ல் ராணுவத்துக்குக் குதிரை வளர்க்க ஒரு பண்ணை தொடங்கினார்கள். இன்று அது அரசின் கால்நடைப் பண்ணை.

ரயில் நிற்கும் திருவிழா

திருக்கோவிலூரிலிருந்து கள்ளக்குறிச்சி வழியாகச் சின்னசேலம் தாண்டினால் மேல்நாரியப்பனூர். விருத்தாசலம் - சேலம் ரயில் பாதையில் சின்ன ஸ்டேஷன். ஆண்டு முழுக்க அமைதியாக இருக்கும் இந்த ஊர், ஜூன் மாதம் வந்துவிட்டால் ஆளே மாறிவிடும். இங்குள்ள புனித அந்தோணியார் திருத்தலத்தில் கொடியேறி, 13-ம் தேதி பெருவிழா. அந்த நாள்களில் மட்டும் விரைவு ரயில்களும் இங்கே நின்று போகும்.

மொட்டை, காதுகுத்து, மரத்தடியில் அடுப்பு மூட்டிச் சமையல், இரவில் தேர் பவனி என்று நம் கிராமத்துத் திருவிழாவின் எல்லா லட்சணமும் உண்டு. வருகிறவர்கள் எல்லோரும் கிறிஸ்தவர்கள் இல்லை. நேர்த்திக்கடன் வைத்தவர்கள், அவ்வளவுதான்.

1195-ல் லிஸ்பனில் பிறந்து, 1231-ல் இத்தாலியின் பதுவை அருகே இறந்தவர் இந்த அந்தோணியார். அவரைப் பற்றி ஒரு கதை உண்டு. நற்கருணையை நம்பாத ஒருவன், தன் கோவேறு கழுதையை மூன்று நாள் பட்டினி போட்டுக் கூட்டி வந்தானாம். ஒரு பக்கம் தீவனம், மறுபக்கம் நற்கருணையோடு அந்தோணியார். தீவனத்தைத் திரும்பிப் பார்க்காத அந்த விலங்கு, நற்கருணை முன் மண்டியிட்டதாம்.

இரண்டு அந்தோணியார்கள்

இன்னொரு அந்தோணியாரும் உண்டு. எகிப்தின் பாலைவனத்தில் தவ வாழ்க்கை வாழ்ந்து, கி.பி. 356-ல் மறைந்த வனத்து அந்தோணியார். கால்நடைகளின் காவலர் இவர்தான். இவருடைய திருநாள் ஜனவரி 17. அன்று வத்திக்கான் சதுக்கத்துக்கு ஆடு, மாடு, குதிரைகளைக் கொண்டுவந்து ஆசீர்வாதம் வாங்குவார்கள். ஸ்பெயினின் சான் பார்த்தலோமே தெ பினாரெஸ் கிராமத்தில் முதல் நாள் இரவே தீ மூட்டி, குதிரைகளை அதன் ஊடே ஓட்டிப் போவார்கள். நோய் அண்டாது என்பது நம்பிக்கை.

நமக்கோ அதே வாரத்தில் மாட்டுப் பொங்கல். இரண்டும் கைகோத்துக்கொள்ளக் கேட்கவா வேண்டும்? திண்டுக்கல் பக்கம் அந்தோணியார் திருவிழாவை ஒட்டி ஜல்லிக்கட்டே நடக்கிறது.

சிறுமலையில் குதிரைப் பொங்கல்

திண்டுக்கல்லிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர், 18 கொண்டை ஊசி வளைவுகள். ஏறினால் சிறுமலை. எலுமிச்சை, மலைவாழை, காபி, பலா என்று தோட்டங்கள் மலை முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. பல தோட்டங்களுக்கு வண்டிப் பாதை கிடையாது. பறித்த காயைச் சாலைக்குக் கொண்டுவருவது குதிரைதான். முதுகில் இருபுறமும் பொதி தொங்க, ஒற்றையடிப் பாதையில் வழி தவறாமல் இறங்கும். அங்கிருந்து வண்டியேறித் திண்டுக்கல் சந்தை.

அதனால்தான் மாட்டுக்குப் பொங்கல் வைப்பதுபோல் இங்கே குதிரைக்கும் பொங்கல். பொங்கலை ஒட்டிய நாளில் குதிரைகளைக் குளிப்பாட்டி, மாலை போட்டு, புனித அந்தோணியார் ஆலயத்துக்குக் கூட்டி வருகிறார்கள். பாதிரியார் ஜெபம் செய்து புனித நீர் தெளிக்கிறார். குதிரைக்காரர் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர் என்று யாரும் கேட்பதில்லை. அன்றைக்குக் குதிரைக்குப் பொதி கிடையாது!

சிறுமலை வாழைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஆனால், முடிக்கொத்து நோய் வந்து ஒரு காலத்தில் மலைவாழைத் தோட்டங்களை அழித்துப்போட்டதைப் பெரியவர்கள் மறக்கவில்லை. வாழை குறைந்தால் பொதி குறையும். பொதி குறைந்தால் குதிரைக்குக் கொள்ளு வாங்கக் கையில் காசு இருக்காது. புதிதாகக் குதிரை சேர்ப்பதும் எளிதல்ல. பெண் குதிரை பதினோரு மாதம் சினை சுமக்கும், பெரும்பாலும் ஒரே குட்டிதான் போடும். அந்தக் குட்டி பொதி சுமக்கும் பக்குவத்துக்கு வர இன்னும் மூன்று, நான்கு வருடம் ஆகும். அதுவரை தீவனம், லாடம், வைத்தியம் எல்லாம் கைக்காசு. இன்னொரு பக்கம், பாதை போடப்போட அங்கே ஜீப் நுழைகிறது.

குதிரை குறைகிறதே என்று ஊர் சுற்ற வரும் நாம் வருத்தப்படலாம். பாதை வந்தால் பிள்ளை பள்ளிக்கூடம் போகும், ஆம்புலன்ஸ் வரும் என்று மலையில் இருப்பவர்கள் நினைப்பார்கள். அவர்கள் பக்கம்தான் நியாயம் அதிகம்.

மீண்டும் கல்வராயன்

இந்த நியாயம் கல்வராயன் மலையில் இன்னும் நன்றாகப் புரியும். 1976-ல்தான் இங்கே ஜாகிர்தார் ஆட்சி முடிவுக்கு வந்தது. சாலை சேராத குக்கிராமங்களில் நோயாளியைத் தொட்டில் கட்டித் தோளில் தூக்கி வந்த செய்திகளை நாம் படித்திருக்கிறோம். 2024 ஜூனில் கருணாபுரம் விஷச் சாராயச் சாவுகளுக்குப் பிறகு, இம்மலை மக்களின் வாழ்க்கை நிலையைச் சென்னை உயர் நீதிமன்றமே தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது.

கேட்டவர்க்கெல்லாம் குதிரை கொடுத்த காரியின் நாட்டில், மலையில் இருக்கும் மக்கள் இன்று கேட்பது ஒரு தார்ச்சாலை. சுமக்க ஆள் இல்லாதவனுக்குச் சுமக்க ஒன்றைக் கொடுப்பதுதான் அன்றைய தானம். இன்றைக்கு அதன் பெயர் சாலை, பஸ், ஆஸ்பத்திரி.

போகிறவர்களுக்கு...

மேல்நாரியப்பனூருக்கு ஜூன் இரண்டாம் வாரம், சிறுமலைக்கு ஜனவரி நடுவில் திட்டமிடுங்கள். கல்வராயன் மலையில் வெள்ளிமலை வரை பஸ்ஸில் போகலாம். சிறுமலைப் பாதையில் பொதிக் குதிரை எதிரே வந்தால் ஹாரன் அடிக்காதீர்கள். ஓரமாக நின்று வழி விடுங்கள். பாரத்தோடு இறங்குவது அதுதானே!